சிவப்பு மலையும் போர்வெல் தண்ணீரும்: பாறைக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

பிப்ரவரி கடைசி வாரம். வேலை விஷயமாக அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள லாஸ் வேகாஸ் போயிருந்தேன். வேலை முடிந்து, ஊர் திரும்ப ஒரு நாள் மிச்சமிருந்தது. நகரத்திலிருந்து மேற்கே அரை மணி நேரம் கார் ஓட்டினால் ரெட் ராக் கேன்யன். அதற்குள் காலிகோ ஹில்ஸ் என்று ஒரு நீளமான மலைமுதுகு கிடக்கிறது. விடியற்காலையிலேயே கிளம்பி, அன்று பகல் முழுக்க அதில் தனியாக நடந்தேன்.

அடிவாரத்தில் செங்கல் சிவப்பு. கொஞ்சம் ஏறினால் ஆரஞ்சு. அதற்கு மேல், யாரோ சுண்ணாம்பு அடித்தது போலத் திடீரென்று வெள்ளை. சில பாறைகளில் சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி வளையமாக ஓடுகின்றன. வடக்கே திரும்பினால் இவை எதனோடும் ஒட்டாமல் சாம்பல் நிற மலைகள் நிற்கின்றன.

படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கே" என்றார் அக்கா. "எரிமலையாப்பா? தீயில வெந்து சிவந்திருக்கு" என்றார் சித்தப்பா. "அவ்வளவும் இரும்பு. சுரங்கம் தோண்டினா அள்ளலாம்" என்றான் மாமா பையன். "எல்லாம் கனிமங்கள்தான்" என்று ஒருவர் முடித்து வைத்தார்.

வண்ண மலைகளின் படம் இணையத்தில் சுற்றும்போதெல்லாம் இந்த நான்கு பதில்கள்தான் வருகின்றன. நான்கும் சரியில்லை. ஆனால் சரியான பதில் ஒன்றும் கடினமானதல்ல. அதற்கு வேண்டிய சோதனைகள் எல்லாம் நம் வீட்டிலேயே தினமும் நடக்கின்றன. நடந்த வழியிலேயே அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

## "கனிமம்" என்பது ஏன் பதில் ஆகாது?

கனிமம் என்றால் இயற்கையில் உருவான, குறிப்பிட்ட வேதிச் சேர்க்கையும் ஒழுங்கான உள்ளமைப்பும் கொண்ட திடப்பொருள். உப்புக்கல் ஒரு கனிமம். ஆற்று மணலில் பெரும்பகுதியாக இருக்கும் குவார்ட்ஸ் ஒரு கனிமம். ஏறக்குறைய எல்லாப் பாறைகளும் கனிமங்களால் ஆனவைதான். நம் வீட்டு வாசல்படிக் கருங்கல்லும் அப்படித்தான். ஆகவே "கனிமத்தால் நிறம்" என்பது "சமையல் பொருட்களால் ருசி" என்பது போல. பொய்யில்லை, ஆனால் அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

எந்தக் கனிமம், எவ்வளவு, எங்கே ஒட்டியிருக்கிறது, எப்போது வந்தது? இந்தக் கேள்விகளில்தான் விஷயமே இருக்கிறது.

## வெள்ளை மணல், சிவப்புத் தோல்

காலிகோ ஹில்ஸ் பெரும்பாலும் மணற்பாறை. மணல் படிந்து, மேலே விழுந்த பாரத்தில் இறுகி, மணிகளுக்கு இடையில் வேறு கனிமங்கள் பசைபோலப் பிடித்து உருவாவது மணற்பாறை. இங்கே இருப்பதற்கு ஆஸ்டெக் மணற்பாறை என்று பெயர்.

பாதையில் உதிர்ந்து கிடந்த மணலை உள்ளங்கையில் எடுத்து, கொண்டு போயிருந்த சிறிய லென்ஸ் வழியாகப் பார்த்தேன். ஒவ்வொரு மணியும் கண்ணாடித் துண்டு போன்ற குவார்ட்ஸ். அதற்கு நிறமே கிடையாது. அதன் மேல் மிக மெல்லிய செந்நிறப் பூச்சு மட்டும் இருக்கிறது. அந்தப் பூச்சின் பெயர் ஹேமடைட்: இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். ரத்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். இரும்புத் துருவுக்கு இது நெருங்கிய உறவு.

தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. குதிரைமொழித் தேரியில் காலை வைத்தால் பாதம் சிவக்கும். அங்கேயும் அடிப்படையில் குவார்ட்ஸ் மணல்தான், மேலே அதே ஹேமடைட் தோல். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் தேரி இன்னும் மணலாகவே இருக்கிறது. நெவாடாவில் இருப்பது பல கோடி ஆண்டுகள் புதைந்து கிடந்து கல்லாகிவிட்டது.

இப்போது மாமா பையனின் சுரங்கத்துக்கு வருவோம். இந்தச் சிவப்பு மணற்பாறையில் இரும்பு எடையில் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்கு அளவுதான், பல இடங்களில் அதைவிடக் குறைவு. பெல்லாரிப் பக்கம் வெட்டி எடுக்கும் நல்ல ஹேமடைட் தாதுவில் 60 சதவீதத்துக்கு மேல் இரும்பு இருக்கும். அப்படியானால் இவ்வளவு குறைந்த இரும்பு எப்படி ஒரு மலையையே சிவப்பாக்குகிறது? ஒரு பானைச் சோற்றுக்கு எவ்வளவு மஞ்சள்தூள் போதும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு சிட்டிகை. அது சோற்றுப் பருக்கைகளின் மேலே பரவுவதால் கண்ணுக்குப் பருக்கை தெரிவதில்லை, மஞ்சள்தான் தெரிகிறது.

செவ்வாய்க் கோளிலும் இதே கதைதான். 2013 பிப்ரவரியில் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி அங்கே முதன்முதலாக ஒரு பாறையைத் துளையிட்டது. மேலே செம்புழுதி. துளையிலிருந்து வெளிவந்த தூளோ சாம்பல் நிறம். வெளியே தெரியும் நிறத்தை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று முடிவு செய்துவிட முடியாது.

இதுவரை பார்த்தது: மலை சிவப்பாக இருப்பதால் அது இரும்பு மலை ஆகிவிடாது. நிறமற்ற மணலின் மேல், மிகக் கொஞ்சம் இரும்பு மெல்லிய தோலாகப் படர்ந்திருக்கிறது. அவ்வளவே.

## எரிமலை அல்ல, மணல்மேடு

சித்தப்பாவின் சந்தேகம் நியாயமானது. தீயில் வெந்த செங்கல் சிவப்பாக இருக்கிறது. ஆகவே சிவப்பான கல்லும் வெந்திருக்க வேண்டும் என்று மனம் போகிறது. ஆனால் காலிகோ ஹில்ஸ் பாறையின் பக்கவாட்டைப் பார்த்தாலே பதில் எழுதியிருக்கிறது. பாயை அடுக்கி வைத்தது போல மெல்லிய வரிகள். ஒரு தொகுதி வரிகள் வலப்பக்கம் சரிகின்றன; அதை வெட்டிக்கொண்டு அடுத்த தொகுதி வேறு கோணத்தில் சரிகிறது. இதைக் குறுக்குப் படுகை என்பார்கள். காற்று மணலை மேட்டின் ஒரு பக்கமாக ஏற்றி மறுபக்கம் சரியவிடும்போது உண்டாகும் வரி இது. காற்றின் திசையும் மேட்டின் இடமும் மாறும்போது வரியின் சரிவும் மாறும்.

சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்கள் உலவிய ஜுராசிக் காலத்தில், இங்கே ஒரு மாபெரும் மணல் பாலைவனம் இருந்தது. பக்கத்து மாநிலமான யூட்டாவின் ஸயான் பள்ளத்தாக்குச் சுவர்களாக நிற்கும் நவாஹோ மணற்பாறையும் அதே பாலைவனத்தின் மிச்சம்தான். நான் கை வைத்து ஏறிய வரி ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாள் சரிந்த மணல். அதைத் தடவிப் பார்த்தபோது கையை எடுக்கவே மனம் வரவில்லை.

நிறம் இந்த மணலோடு முழுதாக வந்து இறங்கவில்லை. மணலோடு கலந்து வந்த இரும்புள்ள சிறு கனிமங்களும் தூசியும், புதைந்த பிறகு நிலத்தடி நீர் பட்டுச் சிதைந்தன. அவற்றிலிருந்து விடுபட்ட இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து மணிகளின் மேல் பூச்சானது. அது மெதுவாக நடந்த வேலை. நெருப்புக்கு அதில் பங்கே இல்லை.

## போர் தண்ணீர் சொல்லும் ரகசியம்

இனி வருவதுதான் மொத்த விஷயத்தின் இதயம். இதைப் பிடித்துக்கொண்டால் உலகத்தில் எந்தச் சிவப்பு மலையையும் கொஞ்சம் வாசிக்கலாம்.

எங்கள் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றில், அதாவது போரில், மோட்டார் போட்டுக் குடத்தில் பிடிக்கும்போது தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக வரும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேலே மஞ்சள் ஏடு, மறுநாள் அடியில் செம்பழுப்பு வண்டல். வெள்ளைத் துணியை அதில் ஊறவைத்தால் அம்மா சத்தம் போடுவார். பல ஊர்களில் இது அன்றாடக் கதை.

இரும்பு அந்தத் தண்ணீரில் முதலிலிருந்தே இருந்தது. ஆனால் கரைந்து இருந்தது, அதனால் கண்ணில் படவில்லை. நிலத்துக்கு அடியில், காற்று எட்டாத ஆழத்தில், இரும்பு ஃபெரஸ் என்ற நிலையில் இருக்கும். ஃபெரஸ் இரும்பு நீரில் கரையும், நீரோடு பயணம் போகும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் பெரும்பாலும் ஃபெரஸ் சல்பேட் இருப்பதற்கும் இந்தக் கரையும் குணமே காரணம். உடல் அதை எளிதாக எடுத்துக்கொள்ளும்.

குடத்துக்கு வந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மேல் படுகிறது. ஃபெரஸ் இரும்பு ஓர் எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் இரும்பாகிறது. ஃபெரிக் இரும்பு சாதாரண நீரில் கரையாது. நிறத்தோடு அப்படியே படிந்துவிடும். இப்படி எலக்ட்ரானை இழப்பதற்கு ஆக்சிஜனேற்றம் என்று பெயர். அதே எலக்ட்ரானைத் திரும்பப் பெற்றுக் கரையும் நிலைக்குப் போவது ஒடுக்கம். பள்ளியில் பரீட்சைக்காகப் படித்து மறந்த இந்த இரண்டு சொற்கள்தான் ஒரு மலைத்தொடருக்கு நிறம் தீட்டியிருக்கின்றன.

இன்னொரு முறை சுருக்கமாக: காற்று பட்டால் இரும்பு படியும், நிறம் வரும். காற்று இல்லாவிட்டால் இரும்பு கரையும், நிறமில்லாமல் நகரும். இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மேலே ஏறலாம்.

## அப்படியானால் வெள்ளை எங்கிருந்து வந்தது?

சாண்ட்ஸ்டோன் குவாரி என்ற இடத்திலிருந்து காலிகோ டாங்க்ஸ் பாதை தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடங்களுக்காக இங்கே கல் வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய பெரும் பாளங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. போக வர நாலு கிலோமீட்டருக்குள்தான், ஏற்றம் சுமார் 140 மீட்டர். ஆனால் பாறையைப் பார்த்துக்கொண்டே போனால் அரை நாள் ஓடிவிடும்.

அங்கே ஒரு பாளத்தில்தான் என் கால் நின்றது. சிவப்பும் வெள்ளையும் சந்திக்கும் கோடு ஒன்று அதில் தெளிவாகத் தெரிந்தது. சிவப்பு மணல் ஒரு காலத்தில் படிந்து, பிறகு வெள்ளை மணல் வந்து படிந்ததுதான் காரணம் என்றால், அந்தக் கோடு மணல் வரிகளோடு இணையாகப் போக வேண்டும். அது அப்படிப் போகவில்லை. வரிகள் ஒரு பக்கம் சரிகின்றன. நிறக் கோடோ அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, சிந்திய தண்ணீர் துணியில் ஊறிய விளிம்பு போல நெளிந்து போகிறது. ஒரே மணல் வரி கோட்டின் இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் வெள்ளை.

இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. மணல் படிந்து கல்லாகும் கதை ஒன்று, நிறம் வந்து போன கதை வேறொன்று. வெள்ளைப் பகுதியும் முன்பு சிவப்பாகவே இருந்தது. பிறகு வெளுத்தது.

வேட்டியில் துருக்கறை பட்டால் வீட்டில் என்ன செய்வோம்? எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்பைத் தூவி வெயிலில் போடுவோம். எலுமிச்சை அமிலம் துருவிலுள்ள இரும்பைக் கரைத்துப் பிடித்துக்கொள்கிறது, அலசும்போது அது நீரோடு போய்விடுகிறது. துணி துணியாகவே இருக்கிறது. மலைக்குள்ளும் அலசல்தான் நடந்தது, வழி மட்டும் கொஞ்சம் வேறு: அங்கே முக்கிய வேலையைச் செய்தது ஒடுக்கம். ஆக்சிஜன் இல்லாத நீர், கரிமப் பொருட்களைச் சுமந்துகொண்டு, மணற்பாறையின் நுண்துளைகள் வழியாக ஊர்ந்து வந்தது. ஹேமடைட்டின் ஃபெரிக் இரும்பு அதனிடம் எலக்ட்ரானைப் பெற்று ஃபெரஸ் ஆனது, கரைந்தது, நீரோடு போனது. மணி மணியாகத் தோல் உரிந்து, உள்ளிருந்த குவார்ட்ஸின் வெளிறிய நிறம் வெளியே வந்தது.

போன இரும்பு எங்கே போயிற்று? காணாமல் போகவில்லை. அந்த நீர் வழியில் ஆக்சிஜன் உள்ள நீரைச் சந்தித்த இடத்தில், நம் குடத்தில் நடந்தது அங்கேயும் நடந்தது: இரும்பு மறுபடி படிந்தது. அதனால்தான் சில பாறைகளில் மர வளையம் போன்ற கோடுகள். அவற்றுக்கு லீசெகாங் வளையங்கள் என்று பெயர். இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, குறிப்பிட்ட அளவு வந்ததும் ஒரு கோடாகப் படிந்து, பிறகு சிறிது இடைவெளி விட்டு அடுத்த கோடாகப் படிந்த தடம். இன்னும் சில இடங்களில் இரும்பு ஒரே புள்ளியைச் சுற்றித் திரண்டு கோலிக்குண்டு போல உருண்டிருக்கிறது. சுற்றியுள்ள மணலைவிட அது கடினம் என்பதால், மணல் தேய்ந்த பிறகும் பாறையில் குமிழ் குமிழாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள ஆசை வரும். பாதுகாக்கப்பட்ட நிலம் அது, எடுக்கக் கூடாது. நான் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

ஆக, சிவப்பு என்றால் இரும்பு தங்கிய இடம். வெள்ளை என்றால் இரும்பு கிளம்பிப் போன இடம். வளையம் என்றால் போன இரும்பு திரும்ப இறங்கிய இடம். இந்த மலைமுதுகு ஒரு காலத்தில் நீர் ஓடிய வழிகளின் வரைபடம். இன்று ஆண்டுக்குச் சராசரியாக 10 சென்டிமீட்டர் அளவே மழை பெறும் வறண்ட ஊரில், கல்லில் எழுதியிருப்பது முழுக்கத் தண்ணீரின் கதை. அன்று எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

## மஞ்சளும் கருப்பும்

மஞ்சள், பழுப்பு நிறங்களுக்குப் பெரும்பாலும் கோத்தைட் காரணம். ஜெர்மானியக் கவிஞர் கோத்தேயின் பெயரால் வழங்கும் கனிமம் அது. இதிலும் ஃபெரிக் இரும்புதான், ஆனால் அமைப்புக்குள் நீரின் கூறும் பிணைந்திருக்கிறது. மஞ்சள் களிமண்ணில் அறுத்த கல் சூளையில் வெந்து சிவப்பாக வெளிவருவது இதனால்தான்: சூட்டில் அந்த நீர் வெளியேற, கோத்தைட் ஹேமடைட்டாகிறது. சித்தப்பாவின் ஊகம் சூளைக்குச் சரி. மலையில் அதே மாற்றம் நெருப்பில்லாமலும், நீண்ட காலத்தில் நடக்க முடியும்.

கருப்பு வேறு வகை. மழைநீர் வழியும் பாறை முகங்களில் எண்ணெய் தடவியது போல மினுமினுக்கும் கரும்பழுப்புத் தோல் தெரியும். அதற்குப் பாலைவன வார்னிஷ் என்று பெயர். களிமண் தூசியும், மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளும் சேர்ந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் வெளியிலிருந்து படியும் பூச்சு இது. தடிமன் தலைமுடியைவிடக் குறைவு. இந்தப் பகுதியின் பழங்குடி மக்கள் இந்தக் கருந்தோலைச் செதுக்கி, உள்ளே இருக்கும் வெளிர்நிறப் பாறையைக் கோடுகளாகத் தெரியவைத்து ஓவியம் வரைந்தார்கள். கைபட்டால் தோல் எண்ணெய் இறங்கி அவை கெடும். தள்ளி நின்றே பாருங்கள்.

## வடக்கே நிற்கும் சாம்பல் மலைகள்

இவை மணலே அல்ல. சுண்ணாம்புப் பாறையும் அதன் உறவுக்காரப் பாறைகளும். சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலின் அடியில் படிந்தவை. விந்தை என்னவென்றால், பழைய சாம்பல் பாறை மேலே இருக்கிறது, புதிய சிவப்புப் பாறை கீழே. அடுக்கில் முதலில் வைத்த தட்டு மேலே இருக்குமா?

தரையில் விரித்த ஜமுக்காளத்தைச் சுவரை நோக்கித் தள்ளினால் மடங்கும். இன்னும் தள்ளினால் ஒரு மடிப்பு மற்றதன் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். ஏறக்குறைய 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தட்டுகள் நெருக்கியதில், அடியில் இருந்த பழைய பாறைப் பாளம் கிழிந்து, சரிந்து, மேலே இருந்த மணற்பாறையின் மீது பல கிலோமீட்டர் ஏறிவிட்டது. அந்தக் கிழிசலுக்கு கீஸ்டோன் உந்துப்பிளவு என்று பெயர். சாலையிலிருந்தே தெரியும், சாம்பலும் சிவப்பும் கத்தியால் கீறியது போலப் பிரியும். மணற்பாறையை வெளுக்க வைத்த நீரில் ஒரு பகுதியை இந்த நெருக்கல்தான் தள்ளி ஓடவைத்தது என்பது புவியியலாளர்கள் தரும் விளக்கம்.

## ஏன் குளிர்காலக் கடைசியில்?

கோடையில் இங்கே வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பிப்ரவரி இறுதியில் பகலில் நடக்க இதமான குளிர். ஆனால் நான் அந்த நேரத்தைச் சொல்வதற்கு நிறமும் காரணம். சூரியன் தாழ்வாக ஓடுகிறது, ஒளி பக்கவாட்டில் விழுகிறது, வரிகளின் ஒவ்வொரு மேடு பள்ளமும் நிழலோடு தெரிகிறது. முந்தைய நாள்களின் மழையோ பனியோ உருகி ஈரம் தங்கிய பாறையில் சிவப்பு இரண்டு மடங்கு ஆழமாகத் தெரிகிறது. நனைந்த சேலை உலர்ந்த சேலையைவிட அடர்நிறமாகத் தெரிவது போலத்தான்: உலர்ந்த மேற்பரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்து வெளிறச் செய்கிறது, ஈரம் அந்தச் சிதறலைக் குறைக்கிறது. நிறம் கூடவில்லை. நிறத்தை மறைத்த வெண்மை குறைந்தது.

அதே ஈரம்தான் ஆபத்தும். மணற்பாறையைப் பிடித்திருக்கும் பசை நீரில் பலமிழக்கும். உலர்ந்தபோது உறுதியாக இருந்த விளிம்பு நனைந்தபோது கையோடு பெயர்ந்து வரும். அதனால்தான் மழைக்குப் பிறகு ஓரிரு நாளாவது பாறை உலரக் காத்திருக்கிறார்கள் அங்கே ஏறும் அனுபவசாலிகள். நிழல் விழும் இடுக்குகளில் இரவு உறைந்த மெல்லிய பனி பகல் முழுக்க இருக்கும். சிவப்புக் கல்லின் மேல் அது கண்ணுக்கே தெரியாது. தனியாகப் போகிறவர் வழுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை. நான் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் காரைப் பூட்டினேன். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். தண்ணீர் வழியில் கிடைக்காது. அக்டோபர் முதல் மே வரை உள்ளே காரில் போக நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

## எல்லா வண்ண மலையும் ஒன்றல்ல

இங்கே சொன்னதை எடுத்துக்கொண்டு உலகத்தின் எல்லா மலைக்கும் பொருத்திவிடக் கூடாது. இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள டெத் வேலியில் ஆர்ட்டிஸ்ட்ஸ் பேலட் என்ற குன்றுகள் பச்சையும் ஊதாவுமாக இருக்கின்றன. அங்கே எரிமலைக்கு உண்மையிலேயே பங்கு உண்டு: எரிமலைப் படிவுகளைச் சூடும் நீரும் சேர்ந்து வேதியியல் ரீதியாக மாற்றின. அங்கே சிவப்புக்கு ஹேமடைட்டும் பச்சைக்குக் குளோரைட் என்ற கனிமமும் காரணம். பெருவில் 5000 மீட்டருக்கு மேல் நிற்கும் வினிகுன்கா, சீனாவின் ஜாங்யே இரண்டும் வெவ்வேறு வகைப் படிவுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தவை. அவற்றின் படங்கள் பல, நிறத்தைக் கூட்டித் திருத்தியவை. நேரில் மண்ணின் நிறங்கள்தான் இருக்கும், ரங்கோலிப் பொடி இருக்காது. திருத்திய படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர் ஏமாந்து திரும்புவது எனக்கு வருத்தம் தருகிறது. திருத்தாமலே அவை அழகு.

காலிகோ என்ற பெயருக்கு வருவோம். அது ஒரு துணியின் பெயர். கோழிக்கோட்டிலிருந்து கப்பலேறிய பருத்தித் துணிக்கு ஐரோப்பியர்கள் அந்த ஊரின் பெயரையே கொடுத்தார்கள். அமெரிக்காவில் அச்சு வேலை செய்த பலநிறத் துணி காலிகோ ஆயிற்று. திட்டுத் திட்டாக நிறமுள்ள பூனைக்கும் அதே பெயர் போயிற்று. இந்த மலைக்கும் வந்தது. மேற்குக் கடற்கரையின் ஒரு துறைமுகம் நெவாடாப் பாலைவனத்தில் பெயராக நிற்கிறது.

பாதையின் முடிவில் அந்த டாங்க் வந்தது. நம் ஊர் மலைகளில் சுனை என்போமே, அதேதான்: பாறைக் குழியில் தேங்கிய மழைநீர். கோடையில் வற்றிவிடும், குளிர்காலக் கடைசி என்பதால் தண்ணீர் இருந்தது. விளிம்பில் குளிரில் உறைந்த மெல்லிய கண்ணாடி. சுற்றிலும் வெள்ளைப் பாறை, அதற்குக் கீழே சிவப்பு, தூரத்தில் நகரம். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கினேன்.

அறைக்கு வந்ததும் சித்தப்பாவுக்கு எழுதினேன்: "எரிமலை இல்ல சித்தப்பா. நம்ம வீட்டு போர் தண்ணி செய்யுற வேலைதான். மண்ணுக்கு அடியில, ரொம்ப ரொம்ப மெதுவா."

மறுநாள் காலை அவரிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. கொல்லைப்புறத்துச் சிமென்ட் தொட்டி, தண்ணீர் பாதி. உள்பக்கச் சுவரில் நீர்மட்டம் ஏறி இறங்கிய இடமெல்லாம் மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு என்று வளையம் வளையமாக ஓடியிருந்தது.